மூன்றாம் வாசல் வழுக்கல்

சுய் யூஜென் யாரையும் எளிதில் நம்பியதில்லை. கடையில் வாங்கிய பன்றிக்கறியை வீட்டுக்கு வந்ததும் தன் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பாள். குளிர்காலத்துக்கென்று எல்லா வீட்டாரும் முட்டைக்கோசு வாங்கிப் படிக்கட்டுக்குக் கீழே அடுக்கும்போது, அவளுடைய கோசுகளின் தண்டில் மட்டும் கத்தியால் கீறிய அடையாளம் இருக்கும். ஹார்பினில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வெல்டிங் செய்தவள். இன்னொருவர் பற்றவைத்ததை நம்பி ஏறி நின்றவர்கள் விழுந்ததைப் பார்த்திருக்கிறாளாம், அதனால் வந்த குணம் என்பாள். பிறவிக் குணம் என்பார் அவள் கணவர். கூட இருந்து அனுபவிக்கிறவர், அவருக்குத் தெரியாதா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், பழைய மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றின் முன்னால், நெடுக்காகப் பிளந்த எண்ணெய் பீப்பாயைச் சாய்வாகப் பற்றவைத்தாள். பாதைக் கல்லில் உரசாமலிருக்க அடி விளிம்பில் ரப்பர் பட்டை, வழுக்காமலிருக்கச் சக்கரங்களில் கயிற்றுச் சுற்று. ஏறி மிதித்தால் பனி சுருண்டு சுருண்டு ஓரத்தில் ஒதுங்கும். பத்துப் பேர் மண்வெட்டியோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிற பாதையை ஒருத்தியாக அரை மணியில் முடித்துவிடுவாள்.

ஒரு தொல்லைதான் இருந்தது. பின்பெட்டியில் பாரம் இல்லாவிட்டால் சக்கரம் சும்மா சுழலும். செங்கல் வைத்தாள், யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். தண்ணீர் கேன் வைத்தால் உறைந்து வெடிக்கும். கடைசியில் உப்பில் ஊறப்போட்ட கோசின் புளிப்புத் தண்ணீரை இரண்டு பெரிய கேன்களில் நிரப்பி, பழைய பஞ்சு மெத்தையைச் சுற்றி ஏற்றினாள். உப்புத் தண்ணீர் எளிதில் உறையாது, நாறுவதால் எவனும் திருட மாட்டான் என்பது அவள் கணக்கு. ஊறவைக்கும்போது இரண்டு மூடி சாராயம் விடுவது அவள் வழக்கம். அந்த வளாகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

ஆறு வாசல் கொண்ட அந்த வளாகத்தில் அதற்கு முன் பதினோரு குளிர்காலம் பனி தள்ளியவர் பாவ் தெலின், கொதிகலன் அறையில் கரி அள்ளிப்போடுகிறவர். குடியிருப்புக் குழுவின் பலகையில் அவர் படம் இருந்தது. வண்டி வந்த வருடம் அதை எடுத்துவிட்டு யூஜென் படத்தை ஒட்டினார்கள். அன்றிலிருந்தே அவர் மேல் அவளுக்கு ஒரு சந்தேகக் கண்.

சென்ற ஜனவரியில் மூன்றாம் வாசல் முன்னால், பாதை மேடேறும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வழுக்குப் பனிக்கட்டி தோன்றியது. பெயர்த்தாலும் பனி விழுந்த மறுநாள் காலை அங்கேயே திரும்ப வந்திருக்கும். அதில் வழுக்கி விழுந்து காங் வாத்தியார் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். குழுத் தலைவி மா லீ வந்து நின்றாள்.

"அக்கா, உங்க வண்டி பனியைத் தேச்சுத் தேச்சுக் கண்ணாடி ஆக்குதாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணுவோம். வண்டியை ஓரங்கட்டச் சொல்றாங்க."

"யாரு சொல்றது?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்கும் பேர்னு ஒண்ணு இருக்கும்ல?"

தொழிற்சாலையை விட்ட பிறகு அவளை நாலு பேர் அக்கா என்று கூப்பிடுவது அந்த வண்டியால்தான். அது போனால் கறியை இரண்டு முறை நிறுக்கும் கிழவி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

யாரோ வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றி உறையவைக்கிறார்கள் என்று மறுநாளிலிருந்து வேவு பார்க்க ஆரம்பித்தாள். வழுக்கல் மேல் சாம்பல் தூவியிருந்தது. பக்கெட்டோடு தெலின் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

"பக்கெட்ல என்னண்ணே?"

"சாம்பல்."

"அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"அதுக்கு முன்னாடியும் சாம்பல்தான்."

பதில் ரொம்பச் சுத்தமாக இருந்தது, அதுவே அவளுக்குப் போதும். தண்ணீர் ஊற்றுகிறவன் தடயத்தை மறைக்கத்தான் சாம்பல் தூவுவான். தெலின்தான் ஊற்றுகிறார் என்று, கண்ணால் பார்த்ததுபோல, ஐந்து பேரிடம் மட்டும் சொன்னாள். ஐந்தாவது ஆள் மா லீ. வெள்ளிக்கிழமைக்குள் சீட்டாடும் கூட்டம் தெலினுக்கு நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டது.

இதற்கிடையே ஒரு கேன் கைக்கு லேசாகத் தெரிந்தது. இதுவும் அவர் வேலைதான் என்றாள். "கோசுத் தண்ணியைக் கூடக் களவாடுறான்."

"வயித்துக் கோளாறுக்கு எடுத்துக் குடிச்சிருப்பாரு, விடு," என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பனி கொட்டியது. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பினாள். மூன்றாம் வாசல் வரை பனி தள்ளி, எப்போதும் மூச்சு வாங்க நிறுத்தும் அதே மேட்டில் வண்டியை நிறுத்தினாள். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்தபடி கொதிகலன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி ஆயிற்று. ஒரு பூனை கூட வரவில்லை.

அலுத்துப்போய் இறங்கினாள். பின்பெட்டிக்குக் கீழே மஞ்சளாக ஒரு கோடு, ஓரங்களில் இறுகத் தொடங்கியிருந்தது. கையுறையைக் கழற்றி விரலால் தொட்டு முகர்ந்தாள். புளித்த கோசு. அதற்குள்ளே மெல்லிய சாராய வாடை.

மெத்தையைப் பிரித்தாள். கேனின் தோள்பட்டையில் மயிரிழை அளவு விரிசல். எந்த நாளோ கொஞ்சம் உறைந்து வெடித்திருக்கிறது. சமதரையில் சொட்டாது. மேட்டில் நிறுத்தி வண்டி பின்பக்கம் சாய்ந்தால் மட்டும் கசியும். வாத்தியாரின் கையை முறித்தது அவள் ஊறவைத்த தண்ணீர்.

பக்கெட்டோடு தெலின் வந்தார். அந்த மஞ்சள் கோட்டின் மேல் சாம்பலைத் தூவினார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"முதல் நாளே தெரியும். குனிஞ்சேன், மூக்குன்னு ஒண்ணு இருக்கே."

"ஏன் சொல்லல?"

"நான் சொல்லி நீ நம்பியிருப்பியாம்மா?"

அந்தப் பழைய குணம் சும்மா இருக்குமா, அந்த நிலையிலும் தலைதூக்கியது. "இன்னிக்குக் கூட்டத்துல போட்டு உடைக்கலாம்னு வெச்சிருந்தீங்களா?"

"கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடல," என்று சொல்லிவிட்டு அவர் காலிப் பக்கெட்டோடு திரும்பி நடந்தார்.

பிற்பகல் கூட்டத்துக்கு யூஜென் கடைசியாக வந்தாள். ஒரு கையில் அந்தக் கேன். இடம் விட்டு எல்லோரும் ஒதுங்கினார்கள்.

"வாங்கக்கா. வண்டி விஷயம் அப்புறம் இருக்கட்டும்," என்றாள் மா லீ. "தெலின் அண்ணன் தண்ணி ஊத்தினதை நீங்க பார்த்ததா சொன்னீங்களே, அதை மொதல்ல சொல்லுங்க."

யூஜென் கேனை மேசை மேல் வைத்து மூடியைத் திருகித் திறந்தாள். மூடிய அறையில் வாடை பரவ அதிக நேரம் ஆகவில்லை. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்திருந்த காங் வாத்தியார்தான் முதலில் நிமிர்ந்தார். விழுந்து கிடந்தபோது முகத்துக்கு நேரே அடித்த வாடை அது.

"இது என்னக்கா?"

"தெலின் அண்ணனைக் கூப்பிடுங்க," என்றாள் யூஜென். "அவர் வந்து உக்காரட்டும். அப்புறம் சொல்றேன்."

சீட்டாடும் கூட்டத்தில் ஒருவன் எழுந்து வெளியே போனான். அவர் வரும்வரை அவள் மூடியை மூடவில்லை.