கன்றுக்குட்டி வைரஸின் ரப்பர் ஸ்டாம்ப்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். சந்தோஷமும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதைக் கொல்கத்தாவுக்கு வந்த பிறகுதான் நானே கண்டுபிடித்தேன்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள் நான். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். ஒரு வருஷம் என்று நினைத்தது எட்டு வருஷம் ஆகிவிட்டது. கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. அவருக்கு கிடர்பூருக்கு மாற்றல் வந்து நாங்கள் பெஹாலாவில் வீடு பிடித்தபோது எனக்கு வயது முப்பத்தாறு. அந்த வயதில், நகரத்தின் மறுகோடியில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், கன்றுகளுக்குக் கழிச்சல் உண்டாக்கும் கொரோனா வைரஸைப் பற்றிய திட்டம் ஒன்றில் எனக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. என்னைத் தேர்ந்தெடுத்த திட்டத் தலைவர் என்னைவிட நான்கு வயது இளைய வங்காளிப் பெண். அவர் என்னை ‘தீதி’ என்பார், நான் அவரை ‘மேடம்’ என்பேன். நம்மை அக்கா என்று கூப்பிடுகிறவரிடமே திட்டு வாங்குவதற்குக் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.

நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கீழ் வீட்டுக்காரி கொரோனா என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு படி பின்னால் போய்விட்டாள். இது மாட்டுக்கு வருவது, உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று என் அரைகுறை வங்காளத்தில் சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறமும் ஒரு மாதம் எங்கள் வீட்டு இட்லியை அவள் தொடவில்லை.

எனக்கோ அந்த வைரஸின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அதனிடம் இருப்பது ஒரே ஒரு நீளமான ஆர்.என்.ஏ இழை, முப்பதாயிரம் எழுத்துக்குப் பக்கம். செல்லுக்குள் நுழைந்ததும் அதிலிருந்து ஏழெட்டுச் சின்ன இழைகளைத் தயாரித்துக்கொள்கிறது. அவைதான் மெசஞ்சர் ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றும் இன்ன புரதத்தைச் செய் என்று செல்லுக்குப் போகும் ஓர் உத்தரவு. இந்த உத்தரவுகள் எல்லாவற்றுக்கும் வால் ஒன்றே. அதில் ஆச்சரியமில்லை, அது நீள இழையின் கடைசிப் பகுதி. ஆனால் தலையும் ஒன்றே! நீள இழையின் தொடக்கத்தில் இருக்கும் அறுபது எழுபது எழுத்துகள், நடுவில் உள்ள அத்தனையையும் தாண்டி வந்து ஒவ்வோர் உத்தரவின் தலையிலும் உட்கார்ந்திருக்கின்றன. இதை முதன்முதலாகப் படித்த அன்று கணவரைச் சாப்பிட விடாமல் பிடித்துவைத்துச் சொன்னேன்.

“லெட்டர்ஹெட்டுன்னு சொல்லு புள்ள” என்றார். “விஷயம் வேற வேற, மேல ஆபீஸ் பேரு மட்டும் ஒண்ணு. எங்க ஆபீஸ்லயும் அதுதான் நடக்குது.”

பதினைந்து வருஷத்தில் அந்த மனிதர் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அது.

முதல் வருஷம் முடியும்போது வெளியிலிருந்து ஒரு குழு வந்து வேலையைப் பார்வையிடும். அவர்களுக்குத் திருப்தி என்றால் எனக்கு இன்னொரு வருஷம் நீட்டிப்பு. இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். எட்டு வருஷ இடைவெளியோடு முப்பத்தேழு வயதில் இன்னொருவர் என்னைக் கூப்பிடுவார் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. இந்தப் பக்கத்துக் கன்றுகளிடமிருந்து எடுத்த வைரஸும் அதே லெட்டர்ஹெட்டோடுதான் உத்தரவு போடுகிறதா என்று காட்டுவது என் பொறுப்பு. வாலைத் தேடிப் பிடிக்கும் புரோப் ஏற்கெனவே ஏழெட்டுப் பட்டைகளைக் காட்டியிருந்தது. புரோப் என்பது சின்ன டி.என்.ஏ துண்டு. தனக்கு எதிர்ப்பிரதியாக இருக்கும் இழையைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இழையின் நீளத்துக்கு ஏற்ற இடத்தில் ஃபிலிமில் ஒரு பட்டை விழும். இனி, தலையைப் பிடிக்கும் புரோப்பும் அதே இடங்களில் பட்டை காட்ட வேண்டும்.

குழு வருவது வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மதியம் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி எடுத்தேன். மங்கல்தான், ஆனால் பட்டைகள் இருந்தன! ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். வால் புரோப்பின் ஃபிலிமைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடம் அப்படியே பொருந்தியது. தொற்று இல்லாத செல்களின் வரிசை சுத்தமாக வெறுமையாக இருந்தது. மேடம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நல்ல ஃபிலிம் வந்தால் அதை எடுத்தவர் எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். இரண்டு பெட்டி வாங்கினேன். முதல் துண்டை நானே சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் மேஜைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மறுநாளைக்கான ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருந்தேன். புரோப்பின் எழுத்து வரிசையை ஸ்லைடில் போட வேண்டும். ஆர்டர் போட்ட ஈமெயிலிலிருந்து எடுத்து ஒட்டினேன். மேலே வைரஸின் வரிசை, கீழே என் புரோப். இரண்டும் ஒன்றாக இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்று.

தலையைப் பிடிக்க வேண்டுமென்றால் தலையின் எதிர்ப்பிரதியை அல்லவா ஆர்டர் செய்ய வேண்டும்? நான் தலையையே ஆர்டர் செய்திருக்கிறேன். சாணி மாதிரிகளில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர் வேலைக்கு மாதக்கணக்காக பிரைமர் என்ற சின்ன டி.என்.ஏ துண்டுகளை ஆர்டர் போட்ட கை இது. அதில் முன்பக்கத்து பிரைமரைத் திரையில் இருக்கிறபடியே எடுத்து எழுதலாம். அந்தப் பழக்கத்தில் இதையும் திருப்பாமல் அப்படியே எழுதித் தொலைத்துவிட்டேன்.

சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினேன். பிறகு அங்கேயே நின்று அழுதேன். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். இன்னொரு யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். ஸ்லைடில் அந்த வரிசையைப் போடாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பட்டைகள் சரியான இடத்தில் இருக்கின்றன. மேடமே சந்தேஷ் சாப்பிட்டுவிட்டார்.

ஆபீஸிலிருந்து வந்த கணவர் என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். நான் கத்தலும் அழுகையுமாக எல்லாவற்றையும் சொன்னேன்.

“இரு இரு” என்றார். “நீ அனுப்புனது லெட்டர்ஹெட்டேதான். அது லெட்டர்ல ஒட்டாது. சரியா?”

“ஒட்டவே ஒட்டாதுங்க. அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கறேன்?”

“பின்ன எதுல புள்ள ஒட்டுச்சு?”

நான் ஈரக்கையோடு அப்படியே நின்றேன். ஒரு மணி நேரமாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்ததில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

ஒட்டக்கூடியது ஒன்றுதான் உண்டு. வைரஸ் உத்தரவுகளை நேரடியாக எழுதுவதில்லை. முதலில் எதிர்ப்பிரதி ஒன்றைச் செய்துகொண்டு, அதை வைத்துத்தான் உத்தரவுகளை அடித்துத் தள்ளுகிறது. ரப்பர் ஸ்டாம்ப்பில் எழுத்து தலைகீழாகத்தானே இருக்கும்? என் தவறான புரோப், உத்தரவுகளை விட்டுவிட்டு ஸ்டாம்ப்புகளைப் போய்ப் பிடித்திருக்கிறது! அதனால்தான் மங்கல். ஸ்டாம்ப் ஒன்றிரண்டு இருந்தால் போதும், காகிதம்தான் நூற்றுக்கணக்கில் விழும். எனக்கு மயிர் கூச்செறிந்தது வேறொன்றினால். பட்டைகள் சின்ன உத்தரவுகளின் நீளத்தில் இருந்தன. அப்படியென்றால் ஒவ்வொரு சின்ன ஸ்டாம்ப்பிலும் லெட்டர்ஹெட் இருக்கிறது. காகிதத்தை அடித்த பிறகு தலையைத் தனியாக ஒட்டவில்லை. வாலிலிருந்து பின்னோக்கிப் படியெடுத்துக்கொண்டே வருகிற வைரஸ், நடுவில் ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து ஒரே தாவலில் தொடக்கத்துக்குப் போய், தலையையும் சேர்த்துச் செதுக்கிவிடுகிறது.

“தாவுதுங்க! ஏனுங்க, அது நெஜமாவே தாவுது!” என்று கத்தினேன். மகள் உள்ளேயிருந்து வங்காளத்தில் என்ன ஆச்சு என்று கேட்டாள். தாவுவதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். என் ஃபிலிமில் பார்ப்பது வேறு.

வெள்ளிக்கிழமை காலை மேடமிடம் முதலில் தவறைச் சொன்னேன், பிறகு மற்றதை. அவருக்கு முதலாவது மட்டும்தான் காதில் விழுந்தது.

“இன்னும் ரெண்டு மணி நேரத்துல வந்துடுவாங்க தீதி. புரோப்பைக்கூடச் சரியா ஆர்டர் பண்ணத் தெரியாதான்னு கேட்பாங்க. உங்களை நீட்டிக்கச் சொல்லி நான் எந்த முகத்தோட கேட்பேன்? அந்த ஃபிலிமை எடுத்துடுங்க. வாலை மட்டும் காட்டுங்க.”

“முடியாது மேடம்” என்றேன். என் கோபம் வந்துவிட்டது. “வேலை போனாப் போகட்டும். இந்த ஃபிலிமைக் காட்டாம நான் அந்த ரூமுக்குள்ள வரமாட்டேன். இதை எம்.ஆர்.என்.ஏன்னு பொய்யும் சொல்லமாட்டேன்.”

அவர் விருட்டென்று போய்விட்டார். ஆனால் ஸ்லைடிலிருந்து எதையும் நீக்கவில்லை.

நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “இந்த புரோப்பை நான் தலைகீழாக ஆர்டர் செய்துவிட்டேன்” என்றுதான் ஆரம்பித்தேன். ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் நிறுத்தவில்லை. உத்தரவு, எதிர்ப்பிரதி, மங்கல், தாவல் என்று மூச்சுவிடாமல் சொல்லி, ஒரு கட்டத்தில் திரைக்கே போய்ப் பட்டைகளை விரலால் தொட்டுக் காட்டினேன். ஓரத்தில் இருந்த வைராலஜிக்காரர் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

“இது தெரிந்த விஷயம்தான் அம்மா. இதே மாட்டு வைரஸிலேயே பல வருஷத்துக்கு முன்னால் காட்டிவிட்டார்கள்.”

“தெரியும் சார். நேற்று ராத்திரி தேடிப் படித்தேன்” என்றேன். “ஆனால் இந்தப் பக்கத்து வைரஸும் அதைத்தான் செய்கிறது சார்! நாங்கள் கேட்காமலேயே காட்டிவிட்டது!”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் கேள்விகள் கிளம்பின. சரியான புரோப்பையும் இதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பீர்களா, தொற்றி எத்தனை மணி நேரத்தில் எதிர்ப்பிரதி தெரிய ஆரம்பிக்கிறது என்று விடாமல் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில் மேடமை மட்டும் உள்ளே இருக்கச் சொல்லி என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

நடைவாசலில் நின்று கணவருக்கு போன் போட்டேன். அவர் பக்கம் லாரி ஹாரன் காதைக் கிழித்தது. நான் அதைவிடச் சத்தமாகப் பேசினேன். தொற்றிய செல்களை மணிக்கு மணி எடுத்துப் பார்த்தால் முதலில் ஸ்டாம்ப் வருகிறதா என்று பிடித்துவிடலாம், அதற்கு இரண்டு ஃபிலிம் போதும், வால் புரோப்பைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

“அதெல்லாம் சரி புள்ள. வேலை இருக்குதா, போச்சா?”

எனக்குச் சுருக்கென்றது. அந்த அறையில் பேச ஆரம்பித்ததிலிருந்து ஒரு முறைகூட வேலையைப் பற்றி நான் நினைக்கவில்லை. கதவு மூடியே இருந்தது. மணி நேர சோதனை, இரண்டு ஃபிலிம் என்று சற்றுமுன் அடுக்கியதெல்லாம் யாருடைய வேலை? திங்கட்கிழமை எனக்கு இந்தக் கட்டடத்துக்குள் வர இடம் இருக்கிறதா? போனைக் காதில் வைத்தபடியே கதவைப் பார்த்தேன். அவரும் போனை வைக்காமல் காத்திருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு மேடம் வந்தார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

“ஒரு வருஷம்” என்றார். “அடுத்த ஆர்டரை நான்தான் டைப் பண்ணுவேன், நீங்க கீபோர்டைத் தொடக்கூடாது.”

கணவர் கேட்கட்டும் என்று போனை மேடம் பக்கம் நீட்டி, “இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்” என்றேன்.