டிக்கியில் ஒரு பெட்டி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ராயபுரம் கோயிலில் ஃப்ளோராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எண்ணூர். ஆனால் அண்ணன் லூர்துவின் கவலை சாப்பாட்டைப் பற்றியதோ மாலையைப் பற்றியதோ அல்ல. கல்யாணத்துக்குப் பேசியிருந்த, கூட்டாளி ஜாபரின் அம்பாசிடர் காரில் இருந்த பழைய பேட்டரியைப் பற்றியது.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பா சிலுவைமுத்து. துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு தட்டுகிறவர். இருபத்திரண்டு வருடம் கப்பலின் வயிற்றுக்குள் உட்கார்ந்து இரும்பைச் சுத்தியலால் அடித்ததில், கீச்சென்ற மெல்லிய சத்தமெல்லாம் அவர் காதை விட்டுப் போய்விட்டது. தடித்த சத்தம் மட்டும் மிச்சம். கப்பல் ஊதினால் கேட்கும், பேண்டுக்காரர்களின் பெரிய டிரம் கேட்கும். பக்கத்தில் நின்று மகள் கூப்பிட்டால் கேட்காது. அந்த மகளோ கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசை.

ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்: "கோயில்ல பாக்குறேன், மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடிகினு கீறா. அவ பாட்டக் கேட்டு ஏழு வருசம் ஆச்சு. எண்ணூருக்குப் போறதுக்குள்ள ஒரு வாட்டி கேட்டா போதும்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். லூர்துவுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அவன் தண்டையார்பேட்டையில் பேட்டரி சார்ஜ் செய்யும் கடையில் வேலை பார்த்தான். அங்கே இருப்பதெல்லாம் அடுத்தவர் பேட்டரி, வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது. கொருக்குப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குக் கரண்ட் இல்லை. ஆகவே பாட்டு கேட்க வேண்டுமென்றால் கல்யாணக் கார்தான். மைக் செட் வைத்திருந்த ஸ்டானிஸ்லாஸிடம் போனான். அவர் வாய் விரிந்த குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக் காட்டினார்.

"இத கட்டுனா மாதவரம் வரைக்கும் கேக்கும்."

"மாதவரம் கேக்க வாணாம்ணே. எங்க நைனா கேட்டா போதும்."

குழாயை அப்பாவின் முன்னால் வைத்துப் பார்த்தார்கள். "காத்து வருதுடா, நல்லா கீது" என்றார் அவர். அவ்வளவுதான். அப்புறம் பழைய ரேடியோகிராமிலிருந்து கழற்றிய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரை எடுத்தார்கள். வெறுமனே பிடித்தால் சத்தம் முன்னும் பின்னும் சிதறிப்போனது. லூர்து அதைத் தேயிலைப் பெட்டிக்குள் பொருத்தி, பின்பக்கம் பலகை அடித்து, உள்ளே இலவம்பஞ்சு அடைத்தான். சத்தம் திரண்டது, டிரம் அடித்தால் பெட்டிமேல் வைத்த கை அதிர்ந்தது. ஆனால் அவ்வளவு பெரிய காகிதக் கூம்பை அசைக்கச் சின்ன ஆம்ப்ளிஃபையர் போதவில்லை. பெரியதாக ஒன்றைப் போட்டால் ஒயர் சூடானது. தடித்த ஒயராக வாங்கி நேராகக் கார் பேட்டரியிலிருந்தே இழுத்தான். ஸ்டானிஸ்லாஸின் டேப் ரிக்கார்டருக்கும் அதிலிருந்தே கரண்ட்.

ஞாயிறு மாலை பெட்டியை ஜாபரின் கார் டிக்கியில், பின்சீட்டின் முதுகோடு ஒட்டி வைத்துச் சோதித்தார்கள். டிரம் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது.

"மாமு, வண்டி கண்ணடிக்குது பாரு" என்றான் ஜாபர்.

லூர்துவால் சிரிக்க முடியவில்லை. இன்ஜின் ஓடும்வரை பயமில்லை. நின்றால் பழைய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

திங்கள் காலை ஒன்பதேகாலுக்குக் கார் கிளம்பியது. பின்சீட்டில் அப்பாவும் ஃப்ளோராவும். முன்னால் ஜாபரின் பக்கத்தில் லூர்து, மடியில் ரிக்கார்டர். போன வாரம் ஃப்ளோரா மத்தளத்தோடு பாடிக் கொடுத்த மாதா பாட்டு அதில் இருந்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அப்பா சீட்டில் நன்றாகச் சாய்ந்தார். கண்ணை மூடினார். பிறகு தலையாட்டினார், இல்லை என்று.

"மத்தளம் வருது. முதுவுல டொம்மு டொம்முன்னு கீது. இவ வரலியே."

லூர்து சத்தத்தை ஏற்றினான். இன்னும் ஏற்றினான். ஃப்ளோரா காதைப் பொத்திக்கொண்டாள். அப்பா மறுபடி தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து ரயில்வே கேட் மூடியது. பெட்ரோல் விற்கிற விலையில் ஜாபர் கேட்டில் இன்ஜினை ஓடவிடுகிறவன் அல்ல. சாவியைத் திருப்பிவிட்டான்.

"ஜாபரு, ஓடட்டும்டா."

"கூட்ஸு வண்டி மாமு. எப்ப வருமோ. நீ அத்த நிறுத்து முதல்ல."

லூர்து நிறுத்தவில்லை. சுருளைத் தொடக்கத்துக்குத் திருப்பி மறுபடி ஓடவிட்டான். நாலைந்து நிமிடம் போயிருக்கும். பாட்டு இழுக்க ஆரம்பித்தது. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் தளர்ந்தது, டேப் ஊர்ந்தது, ஃப்ளோராவின் குரல் கனத்துக் கனத்து ஏதோ தாத்தா பாடுவதுபோல் ஆனது. பக்கத்து ரிக்‌ஷாக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். ஃப்ளோரா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"நிறுத்துண்ணா, மானம் போவுது."

லூர்துவின் கை ஸ்விட்சுக்குப் போனது.

"தொடாத" என்றார் அப்பா. ஒரு விரல் தூக்கியிருந்தார். தலை சீட்டோடு ஒட்டியிருந்தது. "இப்ப வர்றா."

லூர்து கையை அங்கேயே நிறுத்தினான்.

"ஆம்பள மாதிரி கீது. ஆனா இவதான். 'மாதாவே'ன்னு கடைசில ஒரு இழுப்பு இழுக்குறா பாரு. சின்ன புள்ளயிலேயே அப்டித்தான் இழுப்பா."

ஜாபர் லூர்துவின் காதருகே குனிந்தான். "மாமு, இன்னும் கொஞ்சம் போனா செல்ஃப் எடுக்காது. ஹேண்டில் போட்டு சுத்தலாம்னா அதயும் வூட்டுல எறக்கி வெச்சுட்டேன். டிக்கிய பூரா உன் பொட்டி புடிச்சுகிச்சே. பத்து மணிக்குக் கல்யாணம், நெனவு கீதா?"

நினைவு இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோயில் வாசலில் நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. நிறுத்தினால் கார் கிளம்பும். நிறுத்தாவிட்டால் அப்பா கேட்பார். கை ஸ்விட்சின்மேலேயே இருந்தது. பாட்டில் இன்னும் ஒரு அடி பாக்கி.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

கடைசி அடி ஊர்ந்து ஊர்ந்து வந்து, முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் உறுமி அடங்கியது. கூட்ஸ் வண்டி வந்து போனது. கேட் திறந்தது. ஜாபர் சாவியைத் திருப்பினான். க்ளிக் என்று மட்டும் கேட்டது.

"இன்னா பேஜாரு மாமு இது" என்றபடி ஜாபர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். லூர்து இறங்கினான். சிரித்த ரிக்‌ஷாக்காரனே ஒரு கை கொடுத்தான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. புதுச் சட்டை முதுகோடு ஒட்ட, தண்டவாளத்தைத் தாண்டிக் கல்யாணக் காரைத் தள்ளினார்கள். மணி ஒன்பதே முக்கால் தாண்டியிருந்தது.

இரண்டாவது தள்ளலில் காருக்குள்ளிருந்து லூர்துவுக்கு ஒரு சத்தம் கேட்டது. முதலில் இன்ஜின் என்று நினைத்தான். இல்லை. அப்பா முனகிக்கொண்டிருந்தார். மாதா பாட்டு, அதே தடித்த குரலில், அதே ஊர்கிற வேகத்தில். ஃப்ளோரா முக்காட்டை விலக்கி, அவர் வாயைப் பார்த்து, அந்த வேகத்துக்கே கூடப் பாடினாள்.

மூன்றாவது தள்ளலில் கார் உதறிக்கொண்டு கிளம்பியது. லூர்து ஓடிப்போய்க் கதவைப் பிடித்தான்.