வெர்னா ஏறாத லிஃப்ட்

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை வெர்னா ஷொக்கெட் ஓட்டினாள். எதிரே வரும் லாரிக்காரனைத் திட்டாமல் அவள் ஒரு வளைவும் திரும்பியதில்லை. ஆனால் எண்பத்திரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் அவளுக்கு வந்த கோபம் வேறு மாதிரி.

நின்றபடியே பனியில் சறுக்கும் பலகைகள் அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. முன்நுனியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, காலை நுழைக்க ரப்பர் வார், அவ்வளவுதான். புதுப்பனியில் மிதக்கும், இறுகிய பனியில் சோப்புத் துண்டு மாதிரி வழுக்கும். ஒன்றை வாங்கிய வாரமே வெர்னா மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

"இதச் செஞ்சவன் ஒருநாளாவது இதுமேல நின்னிருப்பானா?" என்று கட்டுப்போட்ட கையோடு கத்தினாள்.

கை குணமானதும், ஆட்களை நாற்காலியில் உச்சிக்கு ஏற்றும் லிஃப்ட் உள்ள எங்கள் பனிச்சறுக்கு மலைக்குப் பலகையைத் தூக்கி வந்தாள். அங்கே டிக்கெட் ஜன்னலில் இருந்தது நான். முதலாளி விட்கம் என்னை முந்திக்கொண்டு வந்து நின்றார்.

"இது பொம்மைம்மா. ஓரத்துல இரும்பு இல்ல. நீ விழுந்தா அது தனியா ஓடி யார் மண்டையையாவது பிளக்கும்."

"அதெல்லாம் சரிபண்ணிட்டு வந்தா விடுவீங்களா?"

"கொண்டு வா, பாக்கலாம்."

வெர்னா, காலுக்கொன்றாக மாட்டிச் சறுக்கும் பழைய மர ஸ்கீக்களின் ஓரத்தில் இருந்த எஃகுத் துண்டுகளைப் பெயர்த்து, பலகையின் விளிம்பில் வரிசையாகத் திருகினாள். ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோல்வாரும் பக்கிளும் போட்டாள். பலகை ஓடிவிடாமல் காலோடு ஒரு கயிறு. குதிகால் பக்கம் சாய்ந்தால் பூட்ஸ் மட்டும் வளைந்தது, பலகை திரும்பவில்லை. மேப்பிள் மரத்துச் சாறு பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டியை வெட்டிக் கெண்டைக்காலுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தாள். அதன்பின் சாய்ந்த பக்கமெல்லாம் பலகை பனியைக் கடித்தது.

பலகையோடு திரும்பி வந்தவளுக்கு விட்கம் செங்குத்தான சரிவைக் காட்டினார். பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. வெர்னா பலகையைச் சுமந்து நடந்தே மேலேறினாள். அகலமாக வளைந்து வளைந்து இறங்கி, அவர் கால்மாட்டில் பனி தெறிக்க நின்றாள். காவலுக்கு நின்ற ஸ்கீக்காரர்கள்கூட விசிலடித்தார்கள்.

விட்கம் கோட்டைத் தட்டிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். இங்க வர்றவங்களும் கௌரவமானவங்க."

"யோவ்! இரும்பு கேட்ட, போட்டேன். கயிறு கேட்ட, கட்டினேன். இப்ப கௌரவம் கேக்குறியா? அது எந்தக் கடையில விக்குது?"

அவர் என்னிடம் டிக்கெட் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

சனிக்கிழமைதோறும் வெர்னா லிஃப்ட்டை ஒட்டிய தன் மாமாவின் மேய்ச்சல் நிலத்தில், பலகையைச் சுமந்து, லிஃப்ட்டில் போகிறவர்கள் காதில் விழும்படி வைதுகொண்டே ஏறினாள். போகப்போக இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அவர்கள் வார்களையும் அவளே மாற்றிக் கொடுத்தாள். அப்புறம் பக்கத்து மலைக்காரர் பலகைகளை அனுமதித்ததும் கூட்டம் மொத்தமாக அங்கே போனது.

ஒருநாள் விட்கம் அவள் பஸ்ஸருகே வந்தார். "வெர்னா, நானும் இனி பலகைக்காரங்கள லிஃப்ட்ல விடப்போறேன். வர்றவங்க பலகையெல்லாம் சரியா இருக்கான்னு நீ பாத்துச் சொல்லணும். லிஃப்ட் உனக்கு இலவசம்."

"உன் லிஃப்ட்ல உக்கார்றதுக்கு நடந்தே செத்துப்போறேன். வழிய விடு, பிள்ளைங்க காத்திருக்காங்க."

கொஞ்ச வருஷத்தில் கம்பெனிகளே எஃகு விளிம்பும் குதிகால் முட்டும் வைத்து விற்றன. கடை வாசலில் அவற்றைத் தட்டிப் பார்த்த வெர்னா, "இப்பத்தான் விழுந்து பாத்தானுங்க போல" என்றாள்.

எங்கள் மலையில் இன்று பாதிப் பேர் பலகைக்காரர்கள். முட்டி தேய்ந்த பிறகும் வெர்னா அந்த லிஃப்ட்டில் ஏறவில்லை.