காசிராஜன் அண்ணாச்சியின் முதல் பீஸ்

எந்த டார்ச்சைக் கையில் கொடுத்தாலும் காசிராஜன் அண்ணாச்சி அதைத் தூரத்தில் அடித்துப் பார்க்க மாட்டார். சுவரில் அடிப்பதும் கிடையாது. இடது கையை விரித்து, விரல்களை ஒட்டி, உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்துக்கொள்வார். வலது கையால் டார்ச்சை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தை அந்தக் குழியில் ஊற்றுவார். ரேகைகளுக்கு இடையில் தெரியும் சிவப்பு, மணிக்கட்டு நரம்பின் நீலம், எண்ணெய் ஏறிக் கறுத்த நகக்கண் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு கையைத் திருப்பிப் புறங்கையை ஒருமுறை. அணைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது தீர்ப்பு தயாராக இருக்கும். "செத்தவன் கை மாரி இருக்கு" என்றால் அந்த டார்ச் குப்பை. "கை, கை மாரி இருக்கு" என்றால் அதற்கு மேல் அவரிடம் பாராட்டு கிடையாது.

ஒரகடத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிறோம். அண்ணாச்சி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்து காண்ட்ராக்ட் ஆளாக வந்தவர், இப்போது கியர் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்டர். மனைவி செந்தாமரைக்கு ஊரில் பள்ளிக்கூட வேலை, மகளும் அங்கேதான். நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். எனக்குப் பேச வராது, அவருக்குக் கேட்க ஆள் வேண்டும். கவிதைப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நான் கேட்பேன். "அதுல என்ன போட்டிருக்கான்?" என்று எப்போதாவது விசாரிப்பார். ஒரு வரி படித்துக் காட்டினால், "சரி, வைங்க" என்பார்.

டார்ச் பைத்தியம் அவருக்கு வேலையில்தான் பிடித்தது. கியர் பல்லில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கண்டுபிடிக்க வேண்டியது அவர். கம்பெனி கொடுத்த விளக்கில் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரிந்திருக்கிறது. சொந்தக் காசில் நல்ல டார்ச் ஒன்று வாங்கினார். அது இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. இப்போது எங்கள் அலமாரியில் சட்டை வைக்கும் தட்டு என்னுடையது மட்டும்தான்.

லைனில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மெஷினில் புது லாட், அதாவது ஒரே அளவில் செய்ய வேண்டிய ஒரு தொகுதி, ஏறியதும் விழும் முதல் பீஸை அவர்தான் அளப்பார். சரியாக இருந்தால் அதில் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைத்து, மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்துவார். அந்த லாட் முடியும்வரை அது அங்கேயேதான் இருக்க வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொன்றையும் அதோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஆப்பரேட்டர் ஒருவன் அந்தப் பீஸையும் சேர்த்துப் பெட்டியில் கட்டிவிட்டான். அண்ணாச்சி எல்லாப் பெட்டியையும் பிரிக்க வைத்தார். "முதல் பீஸ் கடைசியிலதான் டே வண்டி ஏறும்" என்று அன்றைக்கு அவர் சொன்னது கேன்டீன் வரை பரவிவிட்டது. சாப்பாட்டு வரிசைக்குத் தாமதமாக வருகிறவனைப் பார்த்து, "முதல் பீஸ் வருது, வழி விடுங்க" என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அண்ணாச்சியைப் பற்றி நான் கவனித்துத் தெரிந்துகொண்ட இன்னொன்று உண்டு. பொறாமை வந்தால் அவர் பாராட்டுவார். அதுவும் இரண்டு தடவை. கீழ்வீட்டுக்காரர் புது பைக் வாங்கியபோது, "நல்ல வண்டி, நல்ல வண்டி" என்றார். கூட வேலைக்குச் சேர்ந்தவர் சூப்பர்வைசர் ஆனபோது, "நல்ல மனுசன், நல்ல மனுசன்." அப்புறம் அந்த வாரம் முழுக்க அவர்களைப் பற்றிப் பேச்சே இருக்காது. பிடித்த ஒன்றை ஒரு தடவைதான் சொல்வார்.

தாவீது செய்யும் டார்ச்சுகளை அவர் ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்.

தாவீது பென்னலூரில் ஒரு சின்ன பட்டறையில் மெஷின் ஆப்பரேட்டர். முதலாளியின் அனுமதியோடு, ஜாப் ஆர்டர் இல்லாத நேரத்தில் லேத்தில் டார்ச் கடைவார். எல்.இ.டி.யும் சர்க்யூட்டும் வெளியிலிருந்து வரும். உடம்பு, மூடி, வளையம் எல்லாம் அவர் கை. கடையில் விற்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குழு, அதில் இருப்பவர்களுக்குத்தான். விலையை வீட்டில் சொன்னால் சோறு கிடைக்காது. ஆனாலும் ஆள் குறையவில்லை. முதல் நான்கு மாடலையும் பழைய லேத்தில் ஒவ்வொன்றாகக் கையால் கடைந்தார். ஒவ்வொரு மாடலிலும் முதலில் முடிகிற டார்ச் அண்ணாச்சிக்கு. அவர் அறைக்குக் கொண்டுவந்து, வாளித் தண்ணீரில் போட்டு, மொட்டை மாடி சிமென்ட் தரையில் வேண்டுமென்றே தவறவிட்டு, கடைசியாக உள்ளங்கையைப் பார்த்து, "கை மாரி இருக்கு" என்று குழுவில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பணம் போடுவார்கள். டார்ச்சின் அடி வளையத்தில் 'ஒன்று' என்று எண் வெட்டியிருக்கும். அந்த நான்கு 'ஒன்று'களும் எங்கள் அலமாரியில் நடுத்தட்டில் நிற்கின்றன.

ஐந்தாவது மாடலுக்காக ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். இதைப் பட்டறையில் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினில் லாட்டாக ஓட்டப்போவதாகத் தாவீது சொல்லியிருந்தார். அப்புறம் ஒரு நாள், கடையும்போது சீவி விழுந்த பித்தளைச் சுருளின் போட்டோ ஒன்று போட்டார். வெறும் சுருள்தான். அதை வைத்துக்கொண்டு குழு நாள் கணக்கில் பேசியது. கழுத்து பித்தளையாக இருக்கும் என்றார் ஒருவர், சுவிட்சைச் சுற்றி மட்டும்தான் என்றார் இன்னொருவர். மாத்தூரில் பெண் தொழிலாளர் ஹாஸ்டல் வார்டனாக இருக்கும் சகாயமேரி அக்கா, "முதல்ல புள்ள பொறக்கட்டும், அப்புறம் மூக்கு யாரு மாதிரின்னு பாக்கலாம்" என்று எழுதினார். அண்ணாச்சி எதுவும் எழுதவில்லை. அவருக்கு அவசரம் இல்லை. வருகிற முதல் டார்ச் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் குழுவில் ஜெபர்சன் சேர்ந்தான். செல்போன் கம்பெனியில் டெக்னீஷியன். வயது என் வயதுதான் இருக்கும். நல்ல கேமரா வைத்திருந்தான். வந்த மாதமே பழைய மாடல்களைப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து நாங்கள் பஸ்ஸில் வரும்போது குழுவில் ஒரு படம் வந்தது. அந்தி நேரம், வல்லக்கோட்டை ஏரி, தண்ணீர்மேல் நீளமாக ஒரு வெளிச்சம், அதன் முனையில் ஒற்றைக் கொக்கு. கீழே ஜெபர்சன் எழுதியிருந்தான்: ஐந்தாவது, தாவீது அண்ணன் கொடுத்தது.

அண்ணாச்சி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினார். கொக்கைப் பெரிதாக்கினார். வெளிச்சத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினார். பிறகு போனை மடியில் வைத்தார்.

"நல்ல போட்டோ தம்பி" என்றார். ஒரகடம் சிக்னல் வந்ததும், "நல்ல போட்டோ" என்றார்.

அடுத்த ஒரு வாரம் அவர் தூங்கியதாகத் தெரியவில்லை. காலையில் தேநீர்க் கடையில் நின்றுகொண்டு திடீரென்று, "ரெண்டு பேரும் ஒரே சர்ச்சுல்லா. ஞாயித்துக்கிழம பக்கத்துல பக்கத்துல உக்காருதாங்க" என்றார். தாவீது போவது சி.எஸ்.ஐ. கோயில், ஜெபர்சன் பெந்தெகொஸ்தே சபை. இதை நான் சொன்னபோது அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஓ" என்றார். காரணம் கையைவிட்டுப் போன வருத்தம் அந்த 'ஓ'வில் இருந்தது. பிறகு வேறு காரணம் தேடினார். கேமரா. படித்தவன். தாவீதுக்கு வெளியூர் ஆர்டர் பிடித்துத் தருகிறானோ என்னவோ. செந்தாமரை அக்கா போனில், "ஒரு டார்ச்சுக்கா இப்பிடி இருக்கீங்க?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "டார்ச்ச யாரு கேட்டா?" என்றார் அவர். உண்மைதான். டார்ச் வேண்டுமானால் எல்லாருக்கும்தான் வரப்போகிறது. அவருக்கு வேண்டியது அந்த 'ஒன்று'.

ஞாயிற்றுக்கிழமை மாலை வல்லக்கோட்டை ஏரிக்கரையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தாவீது எழுதினார். முருகன் கோயிலுக்கு வந்த கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சகாயமேரி அக்கா பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தா மாரி கீறீங்க" என்றார். அவர் சிரித்தார். கண் தாவீதின் பையில் இருந்தது.

லாட்டில் பாதிதான் முடிந்திருக்கிறது, முடிந்தவரை கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லித் தாவீது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சகாயமேரி அக்கா தன்னுடையதைக் கவிழ்த்து, எண் ஆறு என்று படித்தார். ஜெபர்சன் தன்னுடையதை ஏற்கெனவே கையில் வைத்திருந்தான். பை காலியானது. அண்ணாச்சியின் கை மட்டும் வெறும் கையாக இருந்தது. தாவீது பையை மடித்தபடி, சாதாரணமாக, "உங்களுது பட்டறைல கீது அண்ணாச்சி. அது அப்புறமாத்தான்" என்றார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

ஜெபர்சன் நல்ல பையன். அவனுக்கு அண்ணாச்சியைப் பற்றித் தெரியும். தன் டார்ச்சை நீட்டி, "அண்ணா, நீங்க பாத்துச் சொன்னாத்தான் எங்களுக்குத் திருப்தி" என்றான். அண்ணாச்சி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அடி வளையத்தைத் திருப்பிப் பார்த்திருப்பார். "நீங்களே அடிங்க தம்பி" என்று இடது கையை மட்டும் குழித்து நீட்டினார். வெளிச்சம் விழுந்தது.

நான் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கையை எத்தனையோ டார்ச்சில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது காலை வெயிலில் நீட்டிய கை மாதிரி இருந்தது. ரத்தம் ஓடும் சிவப்பு, ரேகைக்குள் தங்கிய எண்ணெயின் பழுப்பு, எல்லாம் தனித்தனியாக. அண்ணாச்சி வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். கையைத் திருப்பி, புறங்கையைப் பார்த்து, மறுபடி உள்ளங்கைக்கு வந்தார். அப்படி அவர் இரண்டாம் முறை பார்த்து நான் கண்டதில்லை.

"நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார். பிறகு, யாருக்கோ ரகசியம் சொல்வதைப்போல, "ஆனா லேசா பச்சை அடிக்குல்லா?"

டார்ச் பிடிப்பவர்களிடம் இதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. வெள்ளை வெளிச்சத்தில் பச்சைச் சாயல் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு கண் அதை மட்டும்தான் தேடும். அதுவும் சொன்னவர் காசிராஜன் அண்ணாச்சி. கரையில் நின்ற அத்தனை பேரும் கையை நீட்டிக்கொண்டார்கள். முதலில் ஒருவர், "கொஞ்சம் இருக்குது" என்றார். இன்னொருவர் நகத்தில் தெரிகிறது என்றார். சகாயமேரி அக்கா மட்டும், "எனக்கு என் கையாத்தான் தெரியுது" என்றார். கொஞ்சம் கழித்து அவரும் இன்னொரு தடவை பார்த்தார். தாவீது யாருடைய கையையும் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: "நீங்களும் பாத்தீங்கல்லா. பச்சைதான?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்த வாரத்திலேயே, டார்ச் இன்னும் கைக்கு வராதவர்களில் பாதிப் பேர் தங்கள் ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்.இ.டி.யை மாற்ற வேண்டுமா பார்க்கிறேன் என்று தாவீது எழுதினார். அதோடு குழு அடங்கிவிட்டது. ஜெபர்சன் படம் போடுவதை நிறுத்தினான். அண்ணாச்சி குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டார். அறையில் டார்ச் பேச்சு நின்றுபோனது. சாயங்காலங்களில் பழைய நான்கில் ஒன்றை எடுத்துக் கையில் அடித்துப் பார்ப்பார். அணைப்பார். வேறொன்றை எடுப்பார். "செத்தவன் கை" என்றும் சொல்வதில்லை, "கை மாரி" என்றும் சொல்வதில்லை. ஒருநாள் நான்கையும் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். நடுத்தட்டையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சில மாதம் கழித்து, தேய்ந்துபோன மெஷின் பின்களுக்குப் பதில் புதிது செய்ய மாதிரி கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னைப் பென்னலூருக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் தாவீது வேலை செய்யும் பட்டறை. என்னை அடையாளம் கண்டு, முதலில் அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்றுதான் விசாரித்தார். மெஷினில் வேறு ஏதோ கம்பெனியின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு டார்ச் நின்றது. பித்தளைக் கழுத்து. கழுத்துக்குக் கீழே மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு.

அது யாருடையது என்று கேட்டேன்.

"அண்ணாச்சிதுதான். முதல் பீஸ் ஆச்சே" என்றார் தாவீது. "லாட் முடியாம எப்டி குடுக்கறது?"

இதை அன்றைக்கு ஏரிக்கரையில் அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். தாவீது என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவருகிட்ட நான் சொல்லணுமா? சி.என்.சி.ல போடப்போறேன்னு சொன்னப்ப இந்த மொறையெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவருதான். பொட்டுகூட அவரு வைக்கச் சொன்ன எடம்தான்."

டார்ச்சை எடுத்துக் கவிழ்த்து அடி வளையத்தைக் காட்டினார். 'ஒன்று' என்று வெட்டியிருந்தது. பார்த்துவிட்டு, ஒப்பிட வேண்டிய பீஸை வைப்பதுபோல் கவனமாக மறுபடி ஸ்டாண்டிலேயே நிறுத்தினார். மேசைக்கு அடியில், சாக்கு போட்டு மூடியபடி, மீதி டார்ச்சுகளுக்கு வெட்டிவைத்த உருளைகள் கடையாமல் கிடந்தன. லாட் இன்னும் முடியவில்லை.