கண்ணாடிக்கு அடியில் போட்ட கோடு

இது நடந்தது. பகலில் நடந்தது. அன்று நான் குடித்திருந்ததும் ஆறிப்போன டீ மட்டும்தான். கேட்பவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதனால் முன்னாலேயே சொல்லிவைத்தேன்.

எண்பத்திரண்டு, டிசம்பர், வெள்ளிக்கிழமை. கேம்பிரிட்ஜ் மில் ரோட்டில் ஒரு சைக்கிள் கடையின் மாடி. மொத்தக் கம்பெனியும் இரண்டே பேர். இருபத்தொன்பது வயது ராட்னி, நாற்பத்தொன்று முடிந்த நான், பெரில். புத்தகம் அளவுக்கு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தோம். டி.வி.யில் படம் வரையக்கூட அதில் தனிச் சில்லு கிடையாது. கணக்குப் போடுகிற செயலியே படத்தையும் வரைய வேண்டும். ராட்னி அவ்வளவு சிக்கனம்.

மின்சுற்றை யோசிப்பது அவன். அதைச் செம்புப் பாதையாக்குவது நான். அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசை. அதன்மேல் தெளிவான ஃபிலிம். ஃபிலிமில் கறுப்பு டேப்பைக் கோடு கோடாக ஒட்டிக் கத்தியால் நறுக்குவேன், நிஜ அளவுக்கு இரண்டு மடங்காக. அதைப் படமெடுத்துப் பாதியாகச் சுருக்கிப் பலகை செய்வார்கள். பலகையில் ஒரு பக்கம்தான் செம்பு. கோட்டைக் கோடு வெட்டக் கூடாது.

பதினொரு வாரம் ஒட்டினேன். ஒரே ஒரு கோடு பாக்கி. மூலையில் இருக்கும் படிகத்திலிருந்து செயலிக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் கோடு. அது இல்லையென்றால் மெஷின் பிணம்.

"ஒரே ஒரு கம்பி, ராட்னி. மேல்பக்கமா தாண்டி விட்டுடறேன்."

"எங்க தாண்டுவீங்க? கீபோர்டு போர்டு மேலயே உட்காந்திருக்கு. தீக்குச்சி நுழையாது."

"பெட்டியைக் கொஞ்சம் ஒசத்தேன்."

"அச்சு வெட்டியாச்சு. ஒசத்தணும்னா புது அச்சு வேணும், அதுக்குக் காசில்ல." குளிருக்கு மேல்கோட்டு மாட்டிக்கொண்டான். "அஞ்சு மணிக்கு வேன். இன்னைக்கு ஃபிலிம் போகலேன்னா கண்காட்சி போச்சு. அப்புறம் ரெண்டு பேரும் கீழ போய்ப் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான்."

என் கணவர் டென்னிஸுக்கு மே மாதத்திலிருந்து வேலையில்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது என் கத்தி முனையில். பஞ்சர் ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3.10. பெட்டி மாதிரியை எடுத்துவர ராட்னி போனான். குளிர்காற்றுக்கு நான் கதவைத் தாழிட்டேன்.

3.25. மூன்று வழி பார்த்தாயிற்று. மூன்றும் முட்டுச்சந்து. கழுத்து கல்லாகிவிட்டது. மேசையில் கையை மடித்துத் தலையைச் சாய்த்தேன். யாராவது வந்து இதை முடித்துக் கொடுத்தால்... என்று நினைத்தேன். தூங்கவில்லை. கீழே கடை ரேடியோவில் கால்பந்துப் பேச்சு. ஒரு சொல் விடாமல் கேட்டது.

3.41. ஸ்ஸ்ர்ர்...

சுருளிலிருந்து டேப்பை இழுக்கும் சத்தம்.

என் சுருள் என் கையில் இருந்தது. அசையவில்லை.

3.44. மேசை வெளிச்சத்தில் ஒரு இடம் இருண்டது. படிகத்தின் மூலையில். உள்ளங்கை அகலம். டியூப் போகப்போகிறது என்று நினைத்தேன். டியூப் போனால் முழுசாகத்தான் மினுக்கும்.

இது நகர்ந்தது.

மெதுவாக... நின்றது. மறுபடி நகர்ந்தது. நின்றது. முதுகு வலிக்கிறவர்கள் வேலை செய்வது போல.

டிக்.

கத்தி நறுக்கும் சத்தம்.

இருள் விலகியது.

ஒரு கறுப்புக் கோடு. படிகத்திலிருந்து செயலி வரை. இரண்டு நினைவகச் சில்லுகளின் கால்களுக்கு நடுவே, மயிரிழையில் ஒட்டாமல்... பதினொரு வாரத்தில் என் கண்ணில் படாத வழி.

3.52. கத்தி முனையால் சுரண்டினேன். வழுக்கியது.

கோடு ஃபிலிமின் மேலே இல்லை.

அடியில்.

ஃபிலிமின் நான்கு மூலையும் கண்ணாடியோடு ஒட்டியபடியே இருந்தன. நான் ஒட்டியவை. ஒட்டின் மேல் பதினொரு வாரத் தூசி.

4.20. கதவு தட்டும் சத்தத்தில் நாற்காலியிலிருந்து விழப்போனேன். ராட்னி.

"போட்டுட்டீங்களா! நீங்க மனுஷியே இல்ல, பெரில்!"

சரி பார்த்தேன். கோடு சரி. ஐந்துக்கு வேன். மூலைகளைப் பிய்த்து, சுருட்டி, கொடுத்தேன். நான் போடவில்லை என்று சொல்லக் களைத்தவளுக்கு வாய் எழவில்லை. அவ்வளவுதான்.

ஜனவரியில் வேல்ஸிலிருந்து போன். பலகைத் தொழிற்சாலை கரெத்.

"ஏம்மா பெரில், யார் வீட்டுக் குழந்தையை ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்த? அந்தக் கோட்டு முனையில கட்டைவிரல் ரேகை. இத்தனூண்டு! மாதிரிப் பலகைச் செம்புல அப்படியே விழுந்திருக்கு."

"குழந்தை யாரும் வரலியே."

"அப்ப குட்டிச்சாத்தான். சுரண்டி எடுத்துடவா?"

"கோடெல்லாம் சரியா இருக்கா?"

"சுத்தம்."

"விட்டுடு."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. படமெடுத்துப் பாதியாகச் சுருக்குகிறார்கள். குழந்தை விரல் அல்ல. வளர்ந்தவர் விரல்.

மாதிரிப் பலகை வந்ததும் லென்ஸில் பார்த்தேன். ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. ராட்னியின் விரல்களைப் பார்த்தேன். என் விரல்களைப் பார்த்தேன். தழும்பு இல்லை. அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மெஷின் ஓடியது. ஆயிரக்கணக்கில் விற்றது. கம்பெனி பிழைத்தது.

அடுத்த நவம்பர். வேறொரு பலகை. கத்தி வழுக்கி இடது கட்டைவிரல் கிழிந்தது. நான்கு தையல்.

ஆறிய பின் ஒருநாள், பழுதாகித் திரும்பி வந்த ஒரு மெஷினைத் திறந்தேன். பலகையைத் திருப்பினேன். லென்ஸ். செம்பின் பக்கத்தில் என் விரலை வைத்தேன்.

அதே சாய்வு. அதே இடம். ஒவ்வொரு வரியாக எண்ணினேன்...

எனக்கு இப்போது எண்பத்து நான்கு. அந்தக் கோட்டை நான் இன்னும் போடவில்லை.