ஆண்டாயியின் வெங்காயச் சட்டை

வேலைக்குக் கிளம்புகிற ஆண்டாயியைப் பார்த்தால், யார் வீட்டிலோ கைவைத்துவிட்டு நழுவுகிறவள் என்றுதான் தோன்றும். தட்டில் சோற்றைப் போட்டு, கருவாயன் அதில் தலையைக் கவிழ்த்த நொடியில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடப்பாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, பூட்டைக் கையால் பொத்திப் பூட்டி, தெருமுனை வரைக்கும் மூச்சுவிட மாட்டாள். எல்லாம் வீண். முனை திரும்புவதற்குள் உள்ளே குரைப்பு கிளம்பிவிடும். அதுவாவது பரவாயில்லை. குரைக்கிற வரைக்கும் அந்த வாய்க்கு ஒரு வேலை இருக்கிறது. குரைத்து அலுத்த பிறகு அது வேறு வேலை தேடுமே, அதற்குத்தான் அவள் பயப்படுவாள்.

கருவாயன் செம்மண் நிறத்து நாட்டு நாய். மூஞ்சி மட்டும் கரி அப்பினாற்போல் கறுப்பு, அதனால் அந்தப் பெயர். வெங்காய மண்டியில் சாக்குகளின் இடுக்கில் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை அவள்தான் முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். பால் ஊற்றி வளர்த்ததற்கு அது காட்டிய முதல் நன்றி, அவளுடைய செருப்பைத் தின்றது. அடுத்து டிவி ரிமோட், தண்ணீர்க் கேன் மூடி, துடைப்பக் கட்டை, சீப்பு, பிளாஸ்டிக் ஸ்டூலின் ஒரு கால். ஸ்டூல் இப்போது சுவரில் சாய்த்தால்தான் நிற்கும். இத்தனைக்கும், பிரிக்காமல் மூலையில் சாத்தியிருந்த புதுப் பாயை அது தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் செருப்பை முகர்ந்துகூடப் பார்க்காது. சொந்த வீட்டில் மட்டும் கைவரிசை காட்டுகிற திருடன் என்று திட்டுவாளே தவிர, அது ஏன் என்று அவள் யோசித்ததில்லை.

வெளியில் விட்டுவிட்டுப் போகலாமே என்று சொல்லாதவர்கள் கிடையாது. அவள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம். நாலு சந்து தாண்டினால் சென்னை சாலை, லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கும். சங்கிலியில் கட்டியும் பார்த்தாள். கட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தை இறுக்கிக்கொண்டு கிடந்தது. அன்றோடு சங்கிலியைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள்.

மண்டியில் அவளுக்கு உட்கார்ந்த இடத்து வேலை. வயலிலிருந்து வருகிற சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அரிந்து, அழுகலைப் பொறுக்கி, தரம் பிரித்துச் சாக்கில் போட வேண்டும். சேலைக்கு மேல் ஒரு பழைய ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வாள். எந்தச் சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைத் திருப்பிக்கொண்டால் ஆண்டாயி சன்னல் பக்கம் நகர்ந்துகொள்வாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் மற்றப் பெண்கள், பிள்ளை வந்திருக்கும், வீட்டுக்காரர் வந்திருப்பார் என்று பறப்பார்கள். வெங்காயச் சருகைக் கூட்டவும் சாக்குகளை ஒதுக்கவும் மேஸ்திரி அறிவரசன் இவளைத்தான் நிறுத்திக்கொள்வான்.

"நீங்க இருங்கக்கா. உங்களுக்கென்ன, வூட்ல யாரு காத்துக்கிட்டு இருக்கா?"

கெட்ட எண்ணத்தில் சொல்கிறவன் இல்லை. அவளுக்கும் அது குத்தியதில்லை. இருக்கிறதைத்தானே சொல்கிறான் என்று துடைப்பத்தை எடுத்துக்கொள்வாள்.

அவளுக்கு அது பிறந்ததிலிருந்தே பழகிப்போன சங்கதி. ஊர் ரஞ்சன்குடி, மேட்டில் ஒரு பழைய கோட்டை உண்டு. அம்மா இறந்ததும் அப்பா அய்யம்பெருமாள் அவளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு மலையாளத்துப் பக்கம் வேலைக்குப் போனார், போனவர்தான். அத்தை அடிக்கவில்லை, பட்டினி போடவும் இல்லை. வீட்டில் ஐந்தாறு பிள்ளைகளோடு இவளும் ஒருத்தி, அவ்வளவுதான். ஒருநாள், தன்னைக் காணோம் என்றால் யாராவது தேடுவார்களா என்று பார்க்க அவளுக்கு ஆசை வந்தது. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுக் கோட்டைக்குள் போய், இடிந்த சுவர் மறைவில் உட்கார்ந்துகொண்டாள். கீழே தெருவில் யார் யாரையோ கூப்பிடுகிற குரல் கேட்டது. ஒவ்வொரு குரலுக்கும் எழுந்து எழுந்து பார்த்தாள். அவள் பெயர் மட்டும் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் பயந்துகொண்டு தானாகவே இறங்கி வந்தாள். ஆட்டைப் பட்டியில் அடைச்சாச்சா என்று அத்தை கேட்டாள். அடைத்துவிட்டேன் என்று இவள் சொன்னாள். அதோடு முடிந்தது.

பிறகு ராசாங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனான். சில வருஷம் பொங்கலுக்கு வந்தான், அப்புறம் வரவில்லை. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அழுதாளா என்றால் அழுதாள். ஆனால் திகைத்துப் போய்விடவில்லை. பிள்ளை குட்டி இல்லை, டவுனுக்கு வந்து கிடைத்த வேலையைப் பார்த்தாள், அப்படியே ஐம்பதை நெருங்கிவிட்டாள்.

இந்த நிலையில்தான் கருவாயன் கதவில் பல்லை வைத்தது. வீட்டுச் சொந்தக்காரர் பாலசுந்தரம் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மரக்கதவைத் தானே நின்று செய்வித்தவர். அடிக்கட்டை பல் பட்டுச் சிதைந்திருப்பதைக் குனிந்து தடவிப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட ஆண்டாயிக்குத் தேவலையாக இருந்திருக்கும். நிமிர்ந்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நீ இருக்கணும். இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு பண்ணிக்க."

மறுநாள் மண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அரிகிற அம்பிகாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள். அம்பிகாவுக்குப் போனில் பார்க்காத வைத்தியம் இல்லை. நெடி அடிக்கிற எதையாவது சாமான்களில் தேய்த்துவிட்டால் நாய் கிட்டவே வராதாம். மிளகாய்த் தூளைத் தேய்க்கச் சொன்னாள். அதன் வாய் எரிந்து துடிப்பதை நினைக்கவே ஆண்டாயிக்கு மனசு வரவில்லை. நெடிக்குத்தான் இங்கே பஞ்சமா என்று கழிவு வெங்காயத்தில் ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள். விடிந்ததும் அவற்றை நசுக்கிக் கதவின் அடிக்கட்டையில் தேய்த்தாள். நிலைச்சட்டம், ஸ்டூலின் மிச்சக் கால்கள், பெட்டியின் பிடி, இதுவரை அது தொடாத புதுப் பாய் என்று பல் இறங்கக்கூடிய ஒன்றையும் விடவில்லை. இன்றைக்குப் பார்த்துக்கொள் என்று கருவாயனிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனாள்.

சாயங்காலம் கதவைத் திறந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதில் எதில் தேய்த்திருந்தாளோ அதுவெல்லாம் போயிருந்தது. புதுப் பாய் நார் நாராகக் கிடந்தது. நிலைச்சட்டத்தில் விரல் நுழைகிற பள்ளம். தேய்க்க விட்டுப்போன தகர டப்பாக்கள் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. வாலை ஆட்டிக்கொண்டு மேலே பாய்ந்த கருவாயனைத் துடைப்பத்தால் ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் அதை அடித்தது அதுதான் முதல் தடவை. அது ஓடவில்லை, கத்தவில்லை. ஊர்ந்து வந்து அவள் பாதத்தின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு படுத்தது. ஆண்டாயிக்கு அழுகை முட்டியது. தன்மேலும் கோபம், அதன்மேலும் கோபம். இனி தன்னால் முடியாது என்று அப்போதே முடிவுக்கு வந்துவிட்டாள்.

அம்பிகாவின் அண்ணன் வீரமணிக்கு அரும்பாவூரில் நிலம் இருந்தது. மக்காச்சோளத்தில் பன்றி இறங்குகிறது, காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து, கருவாயனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனான். ஆண்டாயி வெளியே வரவில்லை. பின்பக்கம் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள். அவளை விட்டுப் போனவர்கள் உண்டு. அவளாக ஒருவரை அனுப்பியது இல்லை. அது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையிலும் பழக்கதோஷத்தில் நுனிக்காலில்தான் கிளம்பினாள். பாதி தெருவில் ஞாபகம் வந்து சாதாரணமாக நடந்தாள். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், சீப்பு வைத்த இடத்தில் சீப்பு. செருப்பு விட்ட இடத்தில் செருப்பு. எத்தனையோ வருஷம் அந்த அறை அப்படித்தான் இருந்திருக்கிறது, அப்போதெல்லாம் அவளுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இன்றைக்கு அந்த ஒழுங்கைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மத்தியானம், வேலை நடுவில், அண்ணன் பேசுகிறான் என்று அம்பிகா போனைக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க பயந்தாப்ல ஒண்ணையும் கடிக்கலை. ஆனா சோளக்கொல்லையில நிக்கவே மாட்டேங்குது. வெங்காயம் சேத்து வைக்கத் தட்டி கட்டிப் பட்டறை போட்டிருக்கேன்ல, அதுகிட்டயே படுத்துக் கெடக்கு. தட்டிச் சந்துல மூக்க வுட்டுக்கிட்டு ஒரே மொனகல். கறி வச்சுப் பாத்தேன், திரும்பிக்கூடப் பாக்கலை. உள்ளார எலி கிலி இருக்கோ என்னமோ, ஒண்ணும் புரியலைக்கா."

ஆண்டாயி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெங்காயத் தோல். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பஸ்ஸில் மூக்கைத் திருப்பிக்கொண்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள். செருப்பு, ரிமோட், சீப்பு, துடைப்பம், அவள் கை தினமும் இழுத்துச் சாத்துகிற கதவு. கை படாத புதுப் பாயை அது தொடாமல் இருந்ததும், இவளே வெங்காயத்தைத் தேய்த்த அன்று அதைக் குதறியதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவள் நெடியைத் தேய்க்கவில்லை. வீடு முழுக்கத் தன்னையே தேய்த்துவைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த வாயில்லா ஜீவன் பகல் முழுக்க அவளைத் தேடியிருக்கிறது. தேடினதற்குத் துடைப்பத்தால் அடி வாங்கியிருக்கிறது.

கோட்டைச் சுவர் மறைவில் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் அவள் கண்முன் வந்தது. அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். எங்கே போகிறாய் என்று அம்பிகா கேட்டதற்கு, அரும்பாவூர் பஸ் எப்போது என்று திருப்பிக் கேட்டாள்.

பஸ்ஸில் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்தினாள். ஆண்டாயி இந்தத் தடவை நகரவில்லை.

வீரமணியின் கொல்லைக்கு வரப்பில் இறங்கினபோது, பட்டறை ஓரத்தில் செம்மண்ணோடு செம்மண்ணாகக் கருவாயன் கிடப்பது தெரிந்தது. விலா எலும்பு தெரிந்தது. காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. அது தலையைத் தூக்கியது. பட்டறையை ஒருமுறை பார்த்தது, காற்று வந்த பக்கம் ஒருமுறை பார்த்தது. அவ்வளவுதான், வந்த வேகத்தில் அவளை வரப்பிலேயே தள்ளிவிட்டது. விழுந்த இடத்தில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு ஆண்டாயி அழுதாள். என்னத் தேடுனியா, என்னத் தேடுனியா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். வீரமணி ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டு, பிறகு அன்றைக்கு டவுனுக்கு வெங்காயம் ஏற்றிப்போகிற வண்டியில் இரண்டு பேரையும் மூட்டைமேல் உட்காரவைத்து அனுப்பினான்.

பாலசுந்தரத்திடம் அவள் கெஞ்சவில்லை. ஒரு வாரம் பாருங்கள் சார், அதற்குப் பிறகும் பல் பட்டால் நானே கிளம்பிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. கருவாயன் பார்க்கப் பார்க்க, முந்தின நாள் போட்டிருந்த மண்டிச் சட்டையைத் தரையில் விரித்து, "போயிட்டு வரேன்டா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். குரைப்பு கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அவள் திரும்பி வந்தபோது கருவாயன் சட்டைமேல் சுருண்டு கிடந்தது. சட்டையின் ஒரு கையை மட்டும் மென்று கூழாக்கியிருந்தது. கதவுப் பக்கம் போகவே இல்லை. பாலசுந்தரம் வந்து குனிந்து பார்த்தார், கட்டையைத் தடவினார், பழைய தகரம் ஒன்று கிடக்கிறது, பள்ளத்தின்மேல் அடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி போடக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, நாய்க்கு வெங்காயமே ஆகாது, விஷம் மாதிரி என்று டாக்டர் சொன்னதும் ஆண்டாயி தேய்த்ததைச் சொல்லி அழாத குறையாக நின்றாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை, இனி தின்னக் கொடுக்காதே, வாசம் ஒன்றும் செய்யாது என்றார். அதிலிருந்து சட்டையை அலசிக் காயவைத்துத்தான் விரிக்கிறாள். என்ன அலசினாலும் வாடை போகாது என்று அவள் சந்தோஷப்பட்டது இப்போதுதான்.

மண்டிக்கு இப்போது அவள் போட்டு வருகிற சட்டைகள் எல்லாமே ஏதாவது ஒரு பக்கம் குறைப் பிறவிகள். ஒன்றுக்குக் காலர் இல்லை, ஒன்றுக்கு ஒரு கை இல்லை. மற்றப் பெண்கள் கேலி செய்தால் காதில் வாங்கிக்கொள்வதில்லை. போன வாரம் ஒருநாள் லோடு நிறைய வந்திருந்தது. எல்லாரும் கிளம்புகிற நேரத்துக்கு அறிவரசன் வழக்கம்போலத் துடைப்பத்தை அவள் பக்கம் நீட்டினான். ஆண்டாயி அதை வாங்கவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, ஒற்றைக் கைச் சட்டையோடு, எல்லாருக்கும் முன்னால் வாசலுக்கு நடந்தாள்.

"இன்னைக்கு முடியாது தம்பி," என்றாள். "வூட்ல ஆளு காத்துக்கிட்டு இருக்கு."