மச்சான் போட்ட முடிச்சு

இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த வருடத்து நோட்டுப் புத்தகத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், நான் போட்ட சரி அடையாளம் ஒன்றை நானே குறுக்கே அடித்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் வேறெங்கும் அடித்தல் கிடையாது.

முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு அப்பால், ராணுவ லாரிகளுக்காகக் கெட்டிப்படுத்திய தளம் ஒன்று சும்மா கிடந்தது. ஊரில் கார் வைத்திருந்த ஏழெட்டுப் பேர் பெட்ரோல் கூப்பனை மிச்சம் பிடித்து, மாதம் ஒரு ஞாயிறு அங்கே வட்டமடித்துப் பந்தயம் விட்டார்கள். என் தங்கையின் கணவர், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், அவர்களில் ஒருவர். உப்பு வியாபாரம் செய்தார். கூரையில்லாத, கதவு சரியாக மூடாத பழைய இரண்டு ஸீட் கார் அவருடையது.

நான் கார் ஓட்டியதில்லை. துறைமுகத்தில் தோணிகளின் வடம், கொக்கி, சரக்குத் தூக்கும் பட்டை எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதனால் பந்தயத்துக்கு முன் கார்களைச் சோதிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. சக்கர நட்டுகளை நானே சாவி போட்டு முறுக்கிப் பார்ப்பேன். ராணுவ ஏலத்தில் வாங்கிய ஹெல்மெட்டுகளின் வாரை இழுத்து, தலையும் கூடவே வருகிறதா என்று பார்ப்பேன். வளைவுகளில் தீயணைக்க மணல் வாளி இருக்கிறதா என்று நடந்து போய் எண்ணுவேன். “பிரேக்கை நேத்துதான் பாத்தேன் அண்ணாச்சி” என்று யாராவது சொன்னால், அந்தக் காரின் பிரேக்கைத்தான் முதலில் மிதிப்பேன். நேற்று என்ற சொல்லைத் துறைமுகத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

சரி அடையாளத்தை அடித்த அந்த ஞாயிறுக்கு முந்தைய மாதம், வளைவில் என் மாப்பிள்ளையின் கார்க்கதவு திறந்துகொண்டது. பாதி உடம்பு வெளியே தொங்க, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தப்பினார். தங்கை என் வீட்டுக்கு வந்து அழுதாள். “அவிய நிறுத்த மாட்டாவ அண்ணே. வண்டிய விட்டு விழாம இருக்கதுக்காவது ஒரு வழி பண்ணு” என்றாள்.

சரக்குப் பட்டையில் ஒரு துண்டை வெட்டி, ஸீட்டின் பின்சட்டத்தில் சுற்றி, இடுப்புக்கு முன்னால் கட்டுகிற மாதிரி செய்தேன். பொருத்தமான பக்கிள் கிடைக்கவில்லை. முடிச்சுதான். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. தோணியில் அதை எத்தனையோ வருடங்களாகப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவிழ்ந்ததில்லை.

அந்த ஞாயிறு பிற்பகல் மாப்பிள்ளை வந்து இறங்கியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மற்றவர்கள் கையுறையை ஸீட்டில் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அந்த வெயிலில் கையுறையோடு நின்றார். வந்ததும் சிகரெட் பற்றவைப்பவர், பற்றவைக்கவில்லை. பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகப் பார்ப்பவர், எஞ்சினை அணைக்கவில்லை.

“எஞ்சினை ஏன் ஓடவிட்டிருக்கிய, மாப்ள?”

“கொஞ்சம் சூடேறட்டும் மச்சான்.”

“இதுக்கு மேல என்ன சூடு? ரேடியேட்டர்ல உல வைக்கலாம் போலிருக்கு.”

“நீங்க நட்டைப் பாருங்க.”

பஞ்சாலைக்காரர் ஒருவர், இவருடைய சிநேகிதர், பக்கத்துக் காரில் சாய்ந்தபடி சிரித்தார். “ஏலே, ஒம் மச்சான் கஸ்டம்ஸ்ல இருக்கவேண்டிய ஆளுல்லா! வாயத் தொறந்து காட்டிரு, முத்து கித்து வச்சிருக்கியான்னு பாக்கட்டும்.”

நட்டுகள் சரி. பிரேக் சரி. பானெட்டின் மேலிருந்த தோல்வார் புதியது. எதிலும் குறை தென்படாததே எனக்கு உறுத்தியது. அவரை உட்கார வைத்து, பட்டையைச் சுற்றி, முடிச்சைப் போட்டு இறுக்கினேன். இது ஒன்றிலாவது சந்தேகம் இல்லை என்று நினைத்து நோட்டில் சரி அடையாளம் போட்டேன்.

மணல் வாளிக்கு நிறுத்தியிருந்த ஆள் அப்போது அருகில் வந்தார். சங்கு குளிக்கிறவர், கடலுக்குப் போகாத நாட்களில் கிடைத்த வேலையைச் செய்வார். பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“தீப்பிடிச்சா இவிய எப்படி அண்ணாச்சி வெளிய வருவாவ?”

“முடிச்சை அவிழ்த்துட்டுத்தான்.”

“கடலுக்குள்ள எறங்குதப்ப நாங்க கல்லுல காலைக் கட்டமாட்டோம் பாத்துக்கிடுங்க. வளையத்துக்குள்ள நுழைப்போம். கல்லு தரைக்குப் போனதும் காலை உருவிருவோம். கட்டினா கல்லோட கெடக்கவேண்டியதுதான்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “மேல தோணியில நின்னு கயிறு புடிக்கதுக்கு மச்சினனத்தான் வைப்போம். கூடப்பொறந்தவ தாலிய நெனச்சுப் புடிப்பாம்லா. நீங்களும் மச்சினன்தான? இப்படிக் கட்டி வச்சிருக்கியளே!”

பஞ்சாலைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கோபத்தை மாப்பிள்ளையின் மேல் திருப்பினேன்.

“அவுத்துக் காட்டுங்க மாப்ள. பத்து எண்ணுதேன்.”

பத்து எண்ணினேன். இருபதும் எண்ணினேன். இடது கை மட்டுமே முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை தொடையின் மேல் அசையாமல் கிடந்தது.

“கையுறையைக் கழத்துங்க.”

“வேண்டாம் மச்சான்.”

நானே கழற்றினேன். வலது கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. இரண்டு நாளைக்கு முன், காரைக் கிளப்ப முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்திருக்கிறது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள் என்று நான் சொல்லாத ஞாயிறு இல்லை. அந்த ஞாயிறு வீட்டில் காரைக் கிளப்பிக் கொடுத்தது அவருடைய டிரைவர். அணைத்தால் மறுபடி சுற்ற இவரால் முடியாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

“ஒங்க தங்கச்சிகிட்ட கதவுல நசுங்கிட்டுன்னு சொல்லியிருக்கேன்” என்றார், மெதுவாக.

என் சந்தேகம் பலித்துவிட்டது. அந்தத் திருப்தியில் நான் நோட்டைத் திறந்தபோது, சங்கு குளிக்கிறவர் விடவில்லை.

“ஒங்களுக்குக் கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு, அண்ணாச்சி? நீங்க உக்காருங்க.”

மாப்பிள்ளையின் பட்டையைச் சங்கு குளிக்கிறவரே வெகுநேரம் மல்லுக்கட்டித்தான் அவிழ்த்தார். நான் உட்கார்ந்தேன். என் முடிச்சையே எனக்குப் போட்டு, கார் கவிழ்ந்தால் உடம்பு இழுக்கிற மாதிரி என் தோள்களைப் பிடித்து முன்னால் இழுத்தார். பட்டை வயிற்றை நெரித்தது. இரண்டு கைகளாலும் முயன்றேன். நகம்தான் பெயர்ந்தது. காலடியில் எஞ்சின் அதிர்ந்துகொண்டிருந்தது; பெட்ரோல் வாசனை அடித்தது. இப்போது எண்ணிக்கொண்டிருந்தது மாப்பிள்ளை. நாற்பதில் நிறுத்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சங்கு குளிக்கிறவர் இடுப்புக் கத்தியை எடுத்துப் பட்டையை அறுத்தார்.

நான் இறங்கி, சரி அடையாளத்தை அடித்தேன். மாப்பிள்ளை அன்று ஓட்டவில்லை. மாப்பிள்ளையின் காரைப் பஞ்சாலைக்காரர் வீட்டுக்கு ஓட்டிப்போனார்.

அடுத்த மாதத்துக்குள் வேறு பட்டை செய்தேன். ஒரு முனையில் ஒரு கயிற்று வளையம், மறுமுனையில் அதற்குள் செருகுகிற ஒரு மரமுளை. முளையை இடது கையால் உருவினாலும் பட்டை மடியில் விழும். முதலில் நானே உட்கார்ந்து பார்த்தேன், மூன்று நாள், வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

பந்தயத்துக்கு முந்தின நாள் தங்கை வந்தாள். “புதுப் பட்டை நல்லா பிடிக்குதாண்ணே?”

“நல்லா விடுது” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, கார்களைச் சோதிக்கும்போது நான் பேசுகிற அதே குரலில், “எங்க, காட்டு பாப்போம்” என்றாள்.